இளைப்பு ஆறும் இடம்

யாழ்ப்பாண நாளிதழ்களின் மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும். இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய கிராம சேவையாளர். பணிக்காலம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் என்று பொருள். தமிழ்நாட்டில் இதை ‘ஓய்வு பெற்ற’ என்று அச்சிடுகிறோம். வாயால் சொல்லும்போது ‘ரிடையர்டு ஹெட்மாஸ்டர்’ என்கிறோம். இலங்கையிலும் இன்று ‘ஓய்வுபெற்ற’ பரவலாகிவிட்டது. ஆனாலும் பழைய சொல் அங்கே அலுவலக நாற்காலியை விட்டு இன்னும் இறங்கவில்லை. தமிழ்நாட்டில் அது அந்த நாற்காலியில் ஏறவே இல்லை.

இலக்கணத்தோடு பார்த்தால் ‘இளைப்பாறிய’ சற்று வேடிக்கையான வழக்கு. அது இறந்தகாலப் பெயரெச்சம். இளைப்பாறி முடித்தவர் என்றாகிறது. முப்பது வருஷம் சாக்பீஸ் தூசியில் நின்றவர் இனிமேல்தான் இளைப்பாற வேண்டும். சொல்லோ எல்லாம் ஆறிவிட்டது என்கிறது. பழகிப்போன வழக்கை யாரும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஓய்வும் இளைப்பாறுதலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்படித்தான் தோன்றும். புழக்கத்தில் இரண்டும் வெவ்வேறு இடத்தைப் பார்த்து நிற்கின்றன. கடந்த நூறாண்டில் தமிழ்நாட்டு எழுத்துத் தமிழ் எல்லாவற்றையும் ஓய்வின் தலையில் கட்டிவிட்டது. இளைப்பாறுதல் கோயில் பாட்டுக்கும் மாதா கோயில் சுவருக்கும் துக்க அறிவிப்புக்கும் ஒதுங்கிப்போயிற்று. அதனால் என்ன குறைந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

ஓய்தல் என்றால் நின்றுபோவது. மழை ஓய்கிறது, சந்தை இரைச்சல் ஓய்கிறது, துணி பிழிந்து பிழிந்து கை ஓய்ந்துபோகிறது. ஓயாமல் பேசுகிறவரை நிறுத்த ஆளில்லை. இதிலிருந்து வந்த ஓய்வு, வேலை நின்ற நேரத்தைத்தான் காட்டும். அந்த நேரத்தில் உடம்பு என்ன ஆயிற்று என்று அதற்குத் தெரியாது. அதனோடு ஒட்டிக்கொள்ளும் வினைகளைப் பாருங்கள்: ஓய்வு கொடு, ஓய்வு எடு, ஓய்வு பெறு, ஓய்வு அளி. எல்லாம் கொடுக்கல் வாங்கல். மேலே ஒருவர் இருந்து அனுமதிக்க வேண்டும். அரசுப் பணியில் ‘கட்டாய ஓய்வு’ என்று அதையே தண்டனையாகவும் கொடுப்பார்கள். கட்டாய இளைப்பாறுதல் என்றால் தமிழ்நாட்டுக் காதுக்குச் சிரிப்பு வரும்.

அலுவலகம் ஓய்வைத் தேர்ந்துகொண்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 55-ஆம் பிரிவில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரு தொழிலாளியிடம் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும் என்றது. அரை மணியைக் கடிகாரம் அளக்கும். ‘இளைப்பு ஆறும் வரை’ என்று எழுதியிருந்தால் எந்த ஆய்வாளராலும் அதைச் சரிபார்க்க முடியாது. சட்டத்துக்கு அளக்கக்கூடிய சொல் வேண்டும், கிடைத்தது ஓய்வு.

இனி இளைப்புக்கு வருவோம். இளைத்தல் என்றால் மெலிவதும் களைப்பதும். வெளியூரில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே ‘ஏண்டா இப்படி எளைச்சுப் போயிட்டே?’ என்று அம்மா கேட்பது மெலிவு. மூன்று மாடி ஏறி வந்தவருக்கு இளைக்கிறது என்றால் மூச்சு வாங்குகிறது. ‘நான் என்ன அவனுக்கு எளைச்சவனா?’ என்று சண்டையில் கேட்பவர் பேசுவது பலக் குறைவை. மூன்றிலும் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று செலவாகியிருக்கிறது. களைப்பு, அலுப்பு, அசதி, அயர்வு, சோர்வு, ஆயாசம் என்று தமிழில் சலிப்புக்கும் களைப்புக்கும் சொல் பஞ்சம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல் உண்டு. அலுப்பு, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்பின் வலி. தென்மாவட்ட நாட்டு மருந்துக் கடைகளில் ‘அலுப்பு மருந்து’ என்றே கேட்டு வாங்குவார்கள். அசதி தூக்கத்தின் பக்கம் சாயும். சோர்வு மனசையும் தொடும். இளைப்பு, என் காதுக்கு, வழி நடந்தவருடையது, சுமை தூக்கியவருடையது.

சொல்லின் உயிர் அடுத்த பாதியில் இருக்கிறது. ஆறுதல். காய்ச்சிய பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, பசி ஆறுகிறது. நாவால் சுட்டது மட்டும் ஆறாது என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இவை எதையும் யாரும் ‘செய்வது’ கிடையாது. காலம் கொடுத்தால் தானாக நடக்கும். காப்பியை டபராவுக்கும் டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஆற்றுகிறவர்கூட அதில் காற்றுப் படவைக்கிறார், அவ்வளவுதான். சூடு தானே போகிறது. அதனால்தான் அவசரப்படக் கூடாத காரியத்தை ‘ஆறப்போடு’ என்கிறோம்; நிதானமாகப் பேசுவதை ‘ஆற அமர’ என்கிறோம். மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரை ஒருவர் ‘பசியாறியாச்சா?’ என்று விசாரிப்பார்கள். காயல்பட்டினம், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் காலைச் சாப்பாட்டுக்குப் ‘பசியாற’ என்பதே பேச்சு. உள்ளே போகும் இட்லியைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்தது தணிந்ததா என்பதே கேள்வி. வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், தன் பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவசியைவிடப் பிறர் பசியைத் தீர்ப்பவரை உயர்த்தி வைக்கும்போதும் ஆற்றல் என்ற சொல்லைத்தான் இரு தரப்புக்கும் வைத்து விளையாடுகிறார். பொறுப்பதும் ஆற்றல், தணிப்பதும் ஆற்றல்.

இங்கே ஒரு எழுத்துப்பிழை விவகாரம். வயிறார, மனமார, கண்ணார, வாயார என்பவற்றில் வருவது இடையின ர. அது ஆர்தல், நிறைதல். பசியாற, இளைப்பாற, காலாற என்பவற்றில் வருவது வல்லின ற, தணிதல். வயிறு நிறைகிறது, பசி தணிகிறது. இரண்டையும் குழப்பி ‘வயிறாறச் சாப்பிட்டேன்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. வயிற்றில் புண் இருந்து ஆறியிருந்தால் அது சரி.

காலாற நடப்பது தனியாக நின்று பார்க்க வேண்டிய வழக்கு. நாள் முழுக்கத் தறியிலோ கல்லாவிலோ உட்கார்ந்தவர் சாயங்காலம் ‘காலாற நடந்துட்டு வரேன்’ என்று கிளம்புகிறார். நடந்தால் கால் வலிக்கும் என்பதுதான் பொது அறிவு. இங்கே நடையே கால்களுக்கு ஆறுதல் ஆகிறது. ஓய்வு என்ற சொல்லுக்கு இது அடங்காது. ஓய்ந்துபோன கால் நடக்காது. எது இளைக்கச் செய்ததோ அதற்கு மாற்று எதுவோ அதுவே இளைப்பாறுதல். உட்கார்ந்து களைத்தவருக்கு நடை, நடந்து களைத்தவருக்குத் திண்ணை, பேசிக் களைத்தவருக்கு மௌனம். சும்மா கிடப்பது அதில் ஒரு வகை மட்டுமே.

2016 வாக்கில் டேனிஷ் மொழியின் ‘ஹுகே’ என்ற சொல் உலகம் சுற்றியது. கோபன்ஹேகன்காரர் மைக் விக்கிங் எழுதிய சிறு நூல் ஒன்று பல மொழிகளில் விற்றது. மெழுகுவர்த்தி, கம்பளி, கதகதப்பான அறை, நெருங்கிய நாலு பேர் என்று அந்தச் சொல்லுக்கு ஒரு சித்திரம் உண்டு. வெளியே பனி கொட்டும் ஊரில் சுகம் சூட்டில்தான் இருக்க முடியும். நம் ஊரில் அது நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. வயிறு குளிர்கிறது, மனம் குளிர்கிறது, கண் குளிர்கிறது. கோபம் தணிகிறது, இளைப்பு ஆறுகிறது. வள்ளலார் இறைவனை அழைக்கும் புகழ்பெற்ற பாடல் ஒன்றில் கோடை வெயிலில் இளைப்பாற்றிக்கொள்ளக் கிடைத்த மரமாக அவனைக் காண்கிறார். நிழல், கனி, ஓடை நீர், பூ, தென்றல் என்று அடுத்தடுத்து வருவதெல்லாம் குளிர்ச்சியே. அந்தப் பட்டியலில் வீடு இல்லை, கட்டில் இல்லை. எல்லாம் வழியில் கிடைப்பவை. இந்தச் சொல்லைப் பற்றி அகராதிகள் சொல்லாமல் விட்டது அதுதான்: இளைப்பாறுதலுக்கு முன்னும் பின்னும் நடை இருக்கிறது. எழுந்து மறுபடி போகப்போகிறவரே இளைப்பாறுகிறார்.

சங்கத் தமிழில் இந்த இடத்தில் இன்னொரு சொல் இருந்தது: அசைதல். இன்று அசைவது என்றால் நகர்வது. அன்று அதே சொல் களைத்துச் சோர்வதையும், தங்கி இளைப்பாறுவதையும் சேர்த்தே குறித்தது. நோயும் மருந்தும் ஒரே சொல்லில். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடன்மேல் பாடிய சிறுபாணாற்றுப்படையில் அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. 269 அடிகள் கொண்ட பாட்டு அது. பாணர் கூட்டம் கடும் வெயிலில் பாலை வழி கடந்து வந்து ஒரு மர நிழலில் தங்குகிறது. விறலியரின் பாதம், ஓடி இளைத்த நாயின் தொங்கும் நாக்கைப் போலிருப்பதாக நத்தத்தனார் எழுதுகிறார். நாக்கு போலச் சிவந்து, மெலிந்து, துவண்டு. உவமை அழகுக்கு மட்டும் வந்திருந்தால் தாமரையோ தளிரோ வந்திருக்கும். நாய் நாக்கு, இளைப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. நாய் மூச்சு வாங்குவதையே அல்லவா இளைப்பது என்கிறோம். அந்தப் பாதங்களைக் கூட வந்த இளைஞர்கள் மெல்ல வருடிவிடுகிறார்கள். பரிசு பெறப் போகும் வழியில், அரண்மனைக்கு வெகு தூரத்துக்கு முன்னால், நிழலும் பிறர் கையும் சேர்ந்து இளைப்பை ஆற்றுகின்றன.

பிற்காலத்தில் இச்சொல்லைத் தாங்கிப் பிடித்தவர்கள் கிறிஸ்தவர்கள். மத்தேயு நற்செய்தியில் சுமை சுமக்கிறவர்களை இயேசு தம்மிடம் அழைக்கும் வசனம், தமிழ்நாட்டுத் தேவாலயச் சுவர்களிலும் காலண்டர்களிலும் வேன்களின் முதுகிலும் எழுதப்பட்டிருப்பதை மற்ற மதத்தவரும் படித்திருப்பார்கள். அவர் தருவதாகச் சொல்வது இளைப்பாறுதல். யூதரின் ஏழாம் நாளுக்கு ‘ஓய்வுநாள்’ என்றும், சுமந்து தளர்ந்தவருக்குக் கிடைப்பதற்கு ‘இளைப்பாறுதல்’ என்றும் தமிழ் வேதாகமம் சொல்லைப் பிரித்திருப்பது கூர்ந்த வேலை. ஒன்று நியமம், வேலை நிற்கும் நாள். மற்றது உடம்புக்கும் உள்ளத்துக்கும் நேர்வது.

கத்தோலிக்கர் இறந்தோருக்காகச் செபிக்கும்போது ‘நித்திய இளைப்பாற்றி’ வேண்டுகிறார்கள். இளைப்பாற்றி என்ற இந்த வடிவம் வேறெங்கும் அவ்வளவாகப் புழங்கவில்லை. இடிதாங்கி, சுமைதாங்கி, மண்வெட்டி போன்ற அதே கட்டு: இடியைத் தாங்குவது, மண்ணை வெட்டுவது, இளைப்பை ஆற்றுவது. அந்தக் கணக்குப்படி இளைப்பாற்றி என்பது ஒரு பொருளின் அல்லது இடத்தின் பெயராக இருக்க வேண்டும். செபத்தில் அது அந்த நிலைக்கே பெயராகிவிட்டது.

இளைப்பாற்றி பொருளாகவே நின்ற இடமும் உண்டு. சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு பலகைக் கல் கிடத்தியிருப்பார்கள். பார்க்க வாசல் நிலை போல இருக்கும். உள்ளே போக வீடு இருக்காது. அதன் அருமை உயரத்தில் இருக்கிறது. உப்பு மூட்டையோ விறகுக் கட்டோ தலையில் வைத்துத் தனியாக நடக்கிறவருக்குப் பெரிய சங்கடம் சுமையை இறக்குவதில் இல்லை, ஏற்றுவதில் இருக்கிறது. தரையில் போட்டுவிட்டால் மறுபடி தலைக்குத் தூக்க ‘ஒரு கை பிடிங்க’ என்று யாரையாவது கூப்பிட வேண்டும். உச்சி வெயிலில் பொட்டல் வழியில் யார் வருவார்கள்? சுமைதாங்கி, நிற்கிற ஆளின் தோளுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரம். சற்றே முழங்காலை மடக்கினால் சுமை கல்லின் மேல் நகர்ந்துவிடும்; தலைக்கு மேலிருந்த சும்மாட்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கலாம். கிளம்பும்போது தலையைக் கீழே கொடுத்தால் போதும், சுமை தானாக ஏறிக்கொள்ளும். வராத அந்த இன்னொரு ஆளின் வேலையைக் கல் செய்கிறது.

இதை நட்டவர்கள் பலர், கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் குடும்பத்தார். இறக்கி வைக்காத சுமையோடு போனவள் என்பதால், ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல் நட்டால் அவள் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. சில கற்களில் நட்டவர் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். சாலை அகலப்படுத்தும்போது இவை பிடுங்கி எறியப்படுகின்றன. மலையாளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர். கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் ஆவுரஞ்சிக் கல் எல்லாம் ஒரே இடத்தில் அமைவது வழக்கம். ஆள் உட்கார, மாடு தண்ணீர் குடிக்க, சுமை இறங்க, மாட்டுக்கு முதுகு சொறிய. மாட்டின் இளைப்பையும் கணக்கில் எடுத்தவர்களை மெச்ச வேண்டும். பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. தெரு மடத்துக்குள் புகுந்து போகும். இரு பக்கமும் திண்ணை, மேலே கூரை. வழிப்போக்கர் மடத்தைத் தேடி ஒதுங்க வேண்டியதில்லை.

தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்கள் இதே எண்ணத்தின் பெரிய வடிவம். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜியின் பெயர் சொல்லும். இராமேசுவரம் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் அந்த வழியில் தங்கினார்கள். 1801-இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சத்திரங்களின் நடைமுறையை விவரித்து, அவை குலையாமல் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். வழியில் நோயுற்று வருகிறவர்கள் குணமாகும் வரை கவனிக்கப்பட்டார்கள் என்பது அதில் வரும் செய்தி. இங்கே அளவு மணிக்கணக்கில் இல்லை, உடம்பில் இருக்கிறது. ‘குணமாகும் வரை’ என்பதும் ‘ஆறும் வரை’ என்பதும் ஒரே கணக்கு.

சத்திரம் கல்யாண மண்டபம் ஆயிற்று. திண்ணை, கார் நிறுத்தக் கிரில் கேட் ஆயிற்று. வழிப்போக்கர் தங்கிய சாவடிக்கு நேர்ந்ததுதான் கொடுமை. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் சுங்கச்சாவடி நினைவுக்கு வருகிறது, வண்டியை நிறுத்திக் காசு கேட்கும் இடம். அலுவலகங்களில் ‘ரெஸ்ட் ரூம்’ என்றால் கழிப்பறை. ஜவுளிக்கடைப் பெண்கள் நாளெல்லாம் நின்றுவிட்டுக் கால் மடக்கக் கிடைக்கும் ஒரே இடம் பல காலம் அதுவாகவே இருந்தது என்பதால், அந்தப் பெயர் பொருத்தம்தானோ என்றுகூடச் சொல்லத் தோன்றும். 2010-இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ இந்த நிற்கும் வேலையைத் திரையில் காட்டியது.

சொல் தானாகச் சாவதில்லை. அது குறித்த பொருள் தெருவிலிருந்து போன பிறகு சொல் ஒதுங்குகிறது. ஓய்வு என்ற சொல் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், அதற்கு இடம் தேவையில்லை. நேரம் ஒதுக்கினால் போதும். அரை மணி இடைவேளை விட்டுவிட்டு உட்காரத் திண்டு கொடுக்காமல் இருக்கலாம். ஓய்வு கொடுத்ததாகவே கணக்கு. இளைப்பாறுதல் நிழல் கேட்கும், தண்ணீர் கேட்கும், உட்கார ஏதாவது கேட்கும். அதையும் யாராவது செய்துவைக்க வேண்டும். மரத்தை நட்டவர் ஒருவர், நிழலில் உட்காருகிறவர் ஒருவர்.

அந்த அக்கறை அரசு வழியாகச் சிறிது திரும்பியிருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார வசதி வேண்டும் என்று 2018-இல் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் இருக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சென்னையில் உணவும் பொருளும் கொண்டுவந்து கொடுக்கும் இளைஞர்களுக்காக 2025-இல் மாநகராட்சி குளிர்வசதி அறைகளைத் திறந்தது. அவற்றை ஓய்வறை என்று சொன்னாலும், வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அடுத்த ஆர்டர் வரும்வரை உட்காருவது பழைய கணக்கில் இளைப்பாறுதல்தான். எழுந்து மறுபடி போகப்போகிறவர்களுக்கான இடம் அது.

22-ஏ பிரிவில் நிமிஷக் கணக்கு எதுவும் இல்லை. இருக்கை மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஓய்வைத் தாண்டி இளைப்பாறுதலுக்கு மிக அருகில் வந்த வாசகம் இது என்பேன். அது தாளில் நிற்கிறதா, கடையில் நிற்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு ஆய்வாளராக வேண்டியதில்லை. அடுத்த முறை தீபாவளித் துணி எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் முதலாளியைக் கூப்பிட்டு ஏன் இல்லை என்று கேளுங்கள்.